இது என்ன விறகு? கேள்வி பதில்

கேள்வி (குலசேகரம்): அண்ணா, ஒரு லோடு கலப்பு விறகு இறக்கினோம். வெள்ளைத் தடிகளில் கருநீலத் திட்டு இருக்கிறது. கெட்டுப்போன மரமா?

பதில்: உங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் ரப்பர்தான், அக்கா. அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிக் கொஞ்ச நாளிலேயே பூஞ்சை ஏறி நிறம் மாறிவிடும். எரிக்க ஒரு குறையும் இல்லை. பட்டையோடு இருக்கும் அடித்துண்டைத் தேடிப் பாருங்கள். பால் வெட்டிய சாய்வுத் தழும்பு தெரிந்தால் அப்புறம் சந்தேகமே வேண்டாம். ஆனால் ரப்பரை வண்டு சீக்கிரம் துளைக்கும். மாவு உதிரத் தொடங்கினால் வீட்டு மரச்சாமான் பக்கத்தில் அடுக்காதீர்கள்.

கேள்வி (கருங்கல்): புளி, மா இரண்டின் பட்டையும் கறுத்து வெடித்திருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

பதில்: அறுத்த முகத்தைப் பாருங்கள். முற்றிய புளியில் வெளிமரம் வெளிர்மஞ்சள், நடுவில் ஒழுங்கில்லாத கருஞ்சிவப்பு வைரம், அதாவது கெட்டியான உள்மரம். மாமரம் பெரும்பாலும் ஒரே வெளிர்பழுப்பாக இருக்கும், நடுவில் தனி வைரம் எடுப்பாகத் தெரியாது. பிளக்கும்போதும் தெரிந்துவிடும்: புளியின் நார் முறுக்கிக்கொண்டு கோடாலியைப் பிடித்துக்கொள்ளும்.

கனமும் உதவும், ஆனால் காய்ந்த பிறகுதான். நன்றாகக் காய்ந்த மாமரம் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 17 கிலோ. புளி 25 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். பச்சைத் தடியில் இந்தக் கணக்கு செல்லாது. ஈரத்தோடு இருக்கும் ரப்பரும் கையில் புளி மாதிரி கனக்கும். அதனால் இரண்டு துண்டுகளை மோதிப் பாருங்கள். காய்ந்தது 'ணங்' என்று கேட்கும், பச்சை 'தொம்' என்று மந்தமாக விழும். எடை போட்டு வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள், இல்லையென்றால் தண்ணீருக்குத்தான் காசு கொடுப்பீர்கள்.

கேள்வி (தக்கலை): மஞ்சள் நிறத் துண்டு. பலாவா, அயனியா, மஞ்சணத்தியா?

பதில்: பட்டை தடித்து ஆழமாக வெடித்து, தடி சிறியதாகக் கோணியிருந்தால் மஞ்சணத்தி. பலாவும் அயனியும் புதிதாக அறுக்கும்போது பொன்மஞ்சள், நாளாக நாளாகப் பழுப்பாகும். பட்டை போய்விட்டால் நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க நான் துணிய மாட்டேன். எதுவானாலும் நல்ல பருமன் இருந்தால் ஆசாரியிடம் காட்டாமல் அடுப்பில் வைக்காதீர்கள், தம்பி. அயனி வள்ளத்துக்கும் கதவுக்கும் போகிற மரம். அதைச் சாம்பலாக்குவதைப் பார்க்கவே எனக்கு மனசு வராது.

கேள்வி (ஆரல்வாய்மொழி): முள் கணு, உள்ளே கருஞ்சிவப்பு, நல்ல கனம்?

பதில்: ஓரத்தில் மெல்லிய மஞ்சள் வளையமும் இருந்தால் சீமைக்கருவேலம். நின்று எரியும், தாராளமாக வாங்கலாம்.

கேள்வி (திருவட்டார்): பட்டையைச் சீவியபோது வந்த பசை கறுத்துவிட்டது. கை எரிகிறது.

பதில்: உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கொப்புளம் வந்தால் டாக்டரிடம் போங்கள். ரப்பர், பலாவின் பால் வெள்ளையாக வந்து பிசுபிசுக்கும். காற்றுப் பட்டதும் மை போலக் கறுத்தால் சேங்கொட்டை வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தடிகளை எரிக்கவே கூடாது, புகையும் கண்ணையும் தொண்டையையும் புண்ணாக்கும். கையுறை போட்டுத் தனியே ஒதுக்குங்கள். லோடில் அரளிக் கம்பு இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.