வாசகர் கேள்வி – பதில்: நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர்

டிசம்பர் 4, நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யரின் நினைவு நாள். அதையொட்டி அவரைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: என் தந்தை வழக்கறிஞர். அவருடைய அறையில் காந்தி படத்துக்குப் பக்கத்தில் கிருஷ்ணய்யர் படம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் ஏழே ஆண்டுகள் இருந்த, தலைமை நீதிபதியாகவும் ஆகாத ஒருவருக்கு இத்தனை மரியாதை ஏன்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பதவிக்காலத்தை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயமானதே. 1973 ஜூலை 17-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்ற அவர் 1980 நவம்பர் 14-இல் ஓய்வு பெற்றார். ஆனால் அந்த ஏழு ஆண்டுகளைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய முப்பத்தைந்து ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர். தந்தையும் வழக்கறிஞர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்துவிட்டு, 1938-இல் தலச்சேரியில் தொழிலைத் தொடங்கினார். மலபாரின் குத்தகை விவசாயிகளும் தொழிலாளர்களும் கம்யூனிஸ்டு ஊழியர்களும் தங்கள் வழக்குகளை அவரிடம் ஒப்படைத்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று சொல்லி 1948-இல் அவரையே சிறையில் வைத்தார்கள். 1952-இல் கூத்துப்பறம்பிலிருந்து சுயேச்சையாகச் சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1957-இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவையில் உள்துறை, சட்டம், சிறை, மின்சாரம், பாசனம் உள்ளிட்ட பல துறைகளுக்கு அமைச்சர். அந்த அரசு 1959-இல் கலைக்கப்பட்ட பின் மீண்டும் கறுப்பு அங்கி அணிந்து வழக்காடி, 1968-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1971 முதல் சட்ட ஆணையத்தில் உறுப்பினர்.

கைதியாகச் சிறைக்குள் இருந்தவர், சிறைத்துறைக்கு அமைச்சராக இருந்தவர், பிறகு கைதிகளின் வழக்கை உச்ச நீதிமன்றத்தில் விசாரித்தவர் என்று மூன்று பக்கங்களிலிருந்தும் ஒரே மதிலைப் பார்த்த நீதிபதி இந்தியாவில் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவர் உச்ச நீதிமன்றத்துக்கு வரக்கூடாது என்று மூத்த வழக்கறிஞர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்ததற்குக் காரணமாக இருந்ததும் இந்த அரசியல் வாழ்க்கைதான். எதிர்த்தவர்களில் ஒருவரான சோலி சொராப்ஜி பின்னாளில், தாம் அன்று தவறாக எடைபோட்டதாக வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். உங்கள் தந்தை அந்தப் படத்தைச் சரியான இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்.

கேள்வி: கைதி ஒருவர் எழுதிய கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டார் என்று படித்தேன். கட்டணமும் வக்கீலும் இல்லாமல் அது எப்படி முடிந்தது? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: தில்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா எழுதிய கடிதம் அது. தம்மைப் பற்றி அவர் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்னொரு கைதியைப் பார்க்க வரும் உறவினர்களிடமிருந்து பணம் பறிப்பதற்காக, அந்தக் கைதியைத் தலைமை வார்டர் ஒருவர் கொடூரமாகச் சித்திரவதை செய்து உடலில் படுகாயம் ஏற்படுத்தினார் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு எழுதினார். முறைப்படியான மனு இல்லை, முத்திரை இல்லை, பிரமாணப் பத்திரம் இல்லை. கடிதம் ஆட்கொணர்வு மனுவாக மாற்றப்பட்டது. நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர்கள் சிறைக்கே சென்று, கைதியைப் பார்த்து, சாட்சிகளை விசாரித்து, ஆவணங்களைப் பார்வையிட்டு அறிக்கை அளித்தார்கள்.

1979 டிசம்பரில் வந்த தீர்ப்பில் கிருஷ்ணய்யர் அந்த ஒரு கைதிக்கு நிவாரணம் சொன்னதோடு நிற்கவில்லை. சிறைக்குள் புகார்ப் பெட்டிகள் வைக்க வேண்டும், மாவட்ட நீதிபதிகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் சிறைக்குச் சென்று கைதிகளை நேரில் கேட்க வேண்டும், கைதியின் உரிமைகளைச் சொல்லும் கையேடு கைதிகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று நடைமுறையையே வகுத்துக் கொடுத்தார். தண்டனை பெற்றவன் தன் நடமாட்ட உரிமையை இழக்கிறானே தவிர, மனிதனாக இருக்கும் உரிமையை இழப்பதில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இதே பத்ரா தொடுத்த முந்தைய வழக்கில், 1978 ஆகஸ்டில், மரண தண்டனை விதிக்கப்பட்டது என்பதாலேயே ஒருவரைத் தனிமைச் சிறையில் அடைத்துவிட முடியாது, மேல்முறையீடும் கருணை மனுவும் முடியும்வரை அவர் சிறைச் சட்டம் சொல்லும் ‘மரண தண்டனைக் கைதி’ என்ற பிரிவுக்குள் வரமாட்டார் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியது. 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தை வைத்துக்கொண்டே, அதன் வாசகங்களுக்கு அரசியல் சட்டத்தின் வெளிச்சத்தில் பொருள் சொன்ன தீர்ப்பு அது. கைதிகளுக்கு வழக்கமாகக் கைவிலங்கு மாட்டி நீதிமன்றத்துக்கு அழைத்து வருவது கூடாது என்ற 1980-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, ஒரு கைதி நீதிபதிக்கு அனுப்பிய தந்தியிலிருந்து தொடங்கியது. பின்னாளில் பொதுநல வழக்கு என்று நாம் பெயர் சொல்லிப் பழகிக்கொண்ட முறைக்கு இப்படிச் சிறைக்குள்ளிருந்து வந்த காகிதங்களும் அடிக்கல் நாட்டின.

கேள்வி: இந்திரா காந்திக்குத் தடை உத்தரவு கொடுத்தவரும் இவர்தானே? அதனால்தான் நெருக்கடி நிலையே வந்தது என்று என் நண்பர் வாதாடுகிறார். (வாசகர், மதுரை)

பதில்: நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 1975 ஜூன் 12-இல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன் லால் சின்கா, பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றம் கோடை விடுமுறையில் இருந்தது. விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர். சட்ட அமைச்சர் எச்.ஆர். கோகலே தொலைபேசியில் அழைத்து நேரில் சந்திக்க நேரம் கேட்டார். மேல்முறையீட்டுக்காக என்றால் சந்திக்கத் தேவையில்லை, பதிவாளரிடம் மனுவைத் தாக்கல் செய்தால் போதும் என்று கிருஷ்ணய்யர் மறுத்துவிட்டார். இதை அவரே பின்னர் பதிவு செய்திருக்கிறார்.

இந்திரா காந்தி தரப்பில் பால்கிவாலாவும், அவருடைய வெற்றியை எதிர்த்து வழக்குத் தொடுத்திருந்த ராஜ் நாராயண் தரப்பில் சாந்தி பூஷணும் வாதாடினார்கள். ஜூன் 24-இல் உத்தரவு வந்தது. அலகாபாத் தீர்ப்புக்கு இந்திரா தரப்பு கேட்ட முழுமையான தடை கிடைக்கவில்லை. பிரதமராக நீடிக்கலாம், நாடாளுமன்றத்துக்கு வரலாம், ஆனால் மக்களவை உறுப்பினர் என்ற முறையில் வாக்களிக்கவோ சம்பளம் பெறவோ கூடாது என்ற நிபந்தனைத் தடைதான் கிடைத்தது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை.

உங்கள் நண்பரின் வாதத்தை நான் ஏற்கவில்லை. தேர்தல் மேல்முறையீடுகளில் அந்நாளில் வழக்கமாகத் தரப்பட்ட நிபந்தனைத் தடையைத்தான், சாதாரண உறுப்பினர் ஒருவருக்குத் தருவதைப் போலவே, நாட்டின் பிரதமருக்கும் அவர் தந்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதை ஏற்று நடக்க மனம் இல்லாதவர்கள் செய்ததற்கு உத்தரவைக் குறை சொல்வது முறையாகாது. முழுத் தடை கொடுத்திருக்கலாம் என்பவர்களும் உண்டு, தடையே கொடுத்திருக்கக் கூடாது என்பவர்களும் உண்டு. அமைச்சருக்குக் கதவைத் திறக்காமல், மனுவுக்கு மட்டும் திறந்தார் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

கேள்வி: அவருடைய தீர்ப்புகளை அகராதி இல்லாமல் படிக்க முடியவில்லை. ஏழைகளுக்காக எழுதியவர் ஏன் இவ்வளவு கடினமாக எழுதினார்? (சட்ட மாணவி, சென்னை)

பதில்: இது அவர் காலத்திலேயே எழுந்த குறைதான், அதில் உண்மையும் இருக்கிறது. அடுக்கடுக்கான சொற்களும் இலக்கிய மேற்கோள்களும் சில இடங்களில் சட்டக் கருத்தையே மறைக்கின்றன. தொடக்கத்துக்கு 1980 ஜூலையில் வந்த ரத்லம் நகராட்சி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் ஒரு வார்டு மக்கள், திறந்த சாக்கடையும் மலக்கழிவும் சாராய ஆலைக் கழிவுநீரும் தெருவில் ஓடுவதாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவின் கீழ் நடுவரிடம் போனார்கள். நகராட்சி பணம் இல்லை என்றது. பணம் இல்லை என்று சொல்லி மக்களின் அடிப்படைச் சுகாதாரத்தைக் கைவிட முடியாது என்று கூறி, சாக்கடையும் கழிப்பிடமும் கட்டுவதற்குக் காலவரம்பு வைத்தார். நடை எப்படி இருந்தாலும், கழிப்பிடம் இல்லாமல் தெருவை நாட வேண்டியிருந்த ஏழைகளின் அவமானம் அந்தத் தீர்ப்பில் தெளிவாகத் தெரிகிறது.

கூடவே சி.பி. முத்தம்மா வழக்கையும் படியுங்கள். இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி அவர். பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ள அரசின் அனுமதி பெற வேண்டும் என்றும், திருமணத்துக்குப் பின் பதவி விலகச் சொல்லலாம் என்றும் இருந்த விதியை 1979-இல் கிருஷ்ணய்யர் கண்டித்த பத்திகளுக்கு அகராதியே தேவைப்படாது.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு அவர் என்ன செய்தார்? தமிழ்நாட்டோடு தொடர்பு இருந்ததா? (வாசகர், வேலூர்)

பதில்: கொச்சியில் தம் வீட்டில் இருந்துகொண்டு முப்பத்து நான்கு ஆண்டுகள் பொது வாழ்வு நடத்தினார். 1987-இல் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஆர். வெங்கட்ராமனை எதிர்த்து நின்று தோற்றார். 1999-இல் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. இவையெல்லாம் செய்திக் குறிப்புகள். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, மரண தண்டனைக்கு எதிராகக் கடைசிவரை அவர் எழுதிய கடிதங்களும் கட்டுரைகளும்தான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த பேரறிவாளனுக்காக, தொண்ணூறு வயதைக் கடந்த நிலையிலும் அவர் குரல் கொடுத்தார். தாயார் அற்புதம்மாளின் நீண்ட போராட்டத்துக்கு அது பெரும் துணையாக இருந்தது. 2014 பிப்ரவரியில் அந்தத் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டதை அவர் உயிருடன் இருந்து பார்த்தார். அதே ஆண்டு நவம்பரில் நூறாவது பிறந்த நாள் விழா. டிசம்பர் 4-இல் மறைந்தார்.

அதற்குப் பின் நடந்ததுதான் வியப்பு. 1980 நவம்பர் 11-இல், ஓய்வுபெற மூன்றே நாட்கள் இருக்கையில், மாரு ராம் வழக்கில் அவர் ஒரு தீர்ப்பு எழுதினார். தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை ஆளுநர் தம் விருப்பப்படி பயன்படுத்த முடியாது, மாநில அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்பது அதில் ஒரு முக்கிய முடிவு. தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தும் ஆளுநர் மாளிகையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பேரறிவாளன் கோப்பு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, மாரு ராம் தீர்ப்பை ஆதாரமாகக் காட்டித்தான் ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என்று நீதிமன்றம் சொன்னது. 2022 மே 18-இல் பேரறிவாளன் விடுதலையானார். கடிதம் எழுதியும் முடியாததை, நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்த தீர்ப்பு முடித்துக் கொடுத்தது.

கேள்வி: வேறு மாவட்டத்தில் கட்டட வேலைக்குப் போன என் தம்பி ஒரு வழக்கில் கைதானான். ஜாமீன் கிடைத்து மூன்று வாரமாகிறது. அந்த ஊரைச் சேர்ந்தவர்களே ஜாமீன்தாரராக வர வேண்டும் என்கிறார்கள். எங்களுக்கு அங்கே யாரையும் தெரியாது. கிருஷ்ணய்யர் இதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா? (வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: உங்கள் தம்பியின் நிலையேதான் அவர் முன் வந்தது, அம்மா. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதி ராம் ஓர் ஏழைக் கொத்தனார். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்த பிறகும், கீழ் நீதிமன்ற நடுவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுத்தார். 1978 ஆகஸ்டில் கிருஷ்ணய்யர், மாவட்டத்தின் பெயரால் ஒரு குடிமகனைப் பிரித்துப் பார்க்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை என்று கடுமையாகச் சொல்லி, 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்த ஜாமீனிலேயே விடுவிக்க உத்தரவிட்டார்.

2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் இதே திசையில் மேலும் வழிகாட்டியிருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாட்களுக்குள் கைதி வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் தர முடியாவிட்டால், நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் என்ற நிபந்தனையால் விடுதலை தாமதமாவதால், அதை விதிக்காமல் இருக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது: தம்பி இருக்கும் மாவட்டத்தின் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஜாமீன் உத்தரவின் நகலுடன் செல்லுங்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் தரப்பட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்கு வித்திட்ட அறிக்கைகளில் ஒன்று, 1973-இல் கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு அளித்தது. நிபந்தனையை மாற்றக் கோரும் மனுவில் மோதி ராம் வழக்கையும் 2023 உத்தரவையும் குறிப்பிடும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். உங்கள் முகவரி எங்களிடம் இருக்கிறது. இரண்டு உத்தரவுகளின் நகல்களையும் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.