முதல் ஏழு வாரம் எங்கே வளர்ந்தது என்று கேளுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்றரை வயது மகனும் ஏழு வயது மகளும் இருக்கிறார்கள். பூனை வேண்டும் என்று இருவரும் ஆறு மாதமாக நச்சரிக்கிறார்கள். மடியில் உட்காருகிற, பிறாண்டாத, குழந்தைகளோடு ஒட்டிக்கொள்கிற இனம் எது? காது மடிந்த, வட்ட முகப் பூனை ஒன்றைப் படத்தில் பார்த்ததிலிருந்து மகள் அதே நினைவாக இருக்கிறாள். குட்டியிலிருந்து வளர்த்தால்தான் பாசமாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா? கடுவன் நல்லதா, பெட்டை நல்லதா? இரவில் மகளோடு தூங்க விடலாமா?

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். காது மடிந்த பூனை வேண்டாம். ஸ்காட்டிஷ் ஃபோல்டு என்ற அந்த இனம், 1961-இல் ஸ்காட்லாந்தின் பண்ணை ஒன்றில் காணப்பட்ட சூசி என்ற ஒற்றைப் பூனையிலிருந்து வந்தது. காதை அப்படி மடக்குவது ஒரு குருத்தெலும்புக் கோளாறு. குருத்தெலும்பு காதில் மட்டுமா இருக்கிறது? கால் மூட்டுகளிலும் உண்டு. கோளாறு அங்கேயும் தன் வேலையைக் காட்டுகிறது. மூட்டு இறுகி, குதிக்கப் பயந்து, வாலைத் தொட்டாலே சீறும் ஃபோல்டு பூனைகளுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். படத்தில் அது சமர்த்தாக அசையாமல் உட்கார்ந்திருப்பதற்குச் சில வேளை அந்த வலியே காரணமாக இருக்கும். வலியோடு இருக்கும் பூனையை உங்கள் மகன் இடுப்பைப் பிடித்துத் தூக்கினால் கடிதான் வாங்குவான். இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

இனி, எந்த இனம் என்ற கேள்வி. இனத்துக்கு இனம் குணச்சாயல் உண்டு, மறுக்கவில்லை. 1960-களில் கலிஃபோர்னியாவில் ஆன் பேக்கர் என்பவர் உருவாக்கிய ராக்டால், தூக்கினால் துணிப்பொம்மைபோலத் தளர்ந்து கிடக்கும் என்று பெயர் பெற்றது. பல ராக்டால்கள் அப்படித்தான், எல்லாமும் அல்ல. பர்மீஸும் சயாமீஸும் ஆளைவிட்டு நகராது, ஆனால் வாயும் ஓயாது. மெயின் கூன் நிதானமான பெரிய உடம்புக்காரன். பெர்ஷியன் அமைதிதான், தினமும் சீவாவிட்டால் முடி சடையாகிவிடும், தட்டையான முகத்தால் மூச்சும் கண்ணும் தொல்லை தரும். மெயின் கூன், ராக்டால் இரண்டிலும் இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய் உண்டு. அதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. இந்த இனங்களை வாங்குகிறவர் தாய், தந்தை இரண்டின் பரிசோதனை முடிவையும் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்கக் கூடாது.

ஆனால் உலகத்துப் பூனைகளில் மிகப் பெரும்பாலானவை எந்த இனத்தையும் சேராதவை. என் மேசைமீது ஏறி என் பேனாவைத் தட்டிவிட்டு, ஊசி போட்ட பிறகும் என் கையிலேயே கன்னத்தைத் தேய்த்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குலப்பெயர் கிடையாது. அவற்றை அப்படி ஆக்கியது பிறந்த முதல் சில வாரங்கள்.

பூனைக்குட்டியின் மூளை மனிதர்களைத் தன் உலகத்தின் பகுதியாக ஏற்றுக்கொள்வது ஏறக்குறைய இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான். கண் திறந்து, தள்ளாடி நடக்கத் தொடங்கும் அந்தக் காலத்தில் தினமும் சிறிது நேரமாவது மனிதக் கைகள் அதைத் தூக்கி, வருடி, பேச்சுக்கொடுத்திருக்க வேண்டும். ஒருவர் கை மட்டும் போதாது; பலர் தொட்டிருக்க வேண்டும். ஆள் வாசனையே இல்லாத மூலையில் அந்த வாரங்கள் கழிந்திருந்தால், பிறகு எவ்வளவு கொஞ்சினாலும் அந்தப் பூனை உங்களை மட்டும் ஏற்றுக்கொண்டு, வீட்டுக்கு யாராவது வந்தால் கட்டிலுக்கடியில் போய்விடலாம். உங்கள் வீட்டுக்கு இன்னொன்றும் முக்கியம்: அந்தக் கைகளில் குழந்தைகளின் கையும் இருந்ததா? பெரியவர்களை மட்டும் பார்த்து வளர்ந்த பூனைக்கு, கத்திக்கொண்டு ஓடிவரும் மூன்றரை வயதுப் பையன் வேறொரு பிராணி.

தந்தைக்கும் பங்கு உண்டு. சாண்ட்ரா மெக்யூன் என்ற ஆய்வாளர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. மனிதரோடு இணக்கமான கடுவனுக்குப் பிறந்தவை, குட்டிப் பருவத்தில் கையாளப்பட்டவை என்ற இரண்டும் சேர்ந்த பூனைகள் ஒரு வயதில் புதியவரிடம் சீக்கிரம் நெருங்கின, உரசின, குரல் கொடுத்தன. கடுவன் குட்டிகளை வளர்ப்பதில்லை என்பதால் அந்தத் துணிச்சல் ரத்தத்தில் வந்தது என்றுதான் கொள்ள வேண்டும். ஆகவே குட்டி எடுக்கப் போகும் இடத்தில் தாயை மட்டும் பார்க்காமல், தகப்பன் எப்படிப்பட்டவன் என்றும் விசாரியுங்கள். பல இடங்களில் அது யாருக்கும் தெரியாது, தெரிந்தால் லாபம்.

தாயிடமிருந்து எப்போது பிரித்தார்கள் என்பதையும் கேளுங்கள். ஃபின்லாந்தில் 5,000-க்கும் மேற்பட்ட பூனைகளின் விவரத்தைத் திரட்டி 2017-இல் வெளியான ஆய்வில், எட்டு வாரத்துக்கு முன்பே பிரிக்கப்பட்டவற்றில் ஆக்ரோஷம் கூடுதலாக இருந்தது. கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைத் தாயும் கூடப்பிறந்தவையும்தான் கற்றுத்தருகின்றன. "ஐந்து வாரம்தான் ஆகிறது, பஞ்சுபோல இருக்கிறது, தூக்கிக்கொண்டு போங்கள்" என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பன்னிரண்டு வாரம் வரை தாயோடு இருந்த குட்டி என்றால் எனக்கு நிம்மதி.

இத்தனையும் சொன்ன பிறகு, உங்கள் வீட்டுக்குக் குட்டியே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எட்டு வாரக் குட்டி ஒரு கிலோகூட இருக்காது. தொடை எலும்பு முறிந்த பத்து வாரக் குட்டி ஒன்றை ஒரு தம்பதி துண்டில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார்கள். கூட வந்த நான்கு வயதுப் பையன் அழுது அழுது விக்கிக்கொண்டிருந்தான். அவன் அடிக்கவில்லை, மிதிக்கவில்லை. கட்டிப்பிடித்தான், அது திமிறியது, கை நழுவியது, அவ்வளவுதான். குட்டிக்கும் குழந்தையின் விரல்கள் விளையாட்டுச் சாமான்தான். ஊசிப் பல்லால் கவ்வும்.

இரண்டு, மூன்று வயதைத் தாண்டிய பூனையின் குணம் ஏற்கெனவே உருவாகிவிட்டது. ஆளோடு ஒட்டும் பூனையா, ஒதுங்கும் பூனையா என்பதைக் கண்ணால் பார்த்தே எடுக்கலாம். குட்டியோ மதில்மேல் பூனை. எந்தப் பக்கம் குதிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. வளர்ந்த பூனை ஒட்டாது என்பது வெறும் பேச்சு. குட்டிப் பருவத்தில் மனிதரோடு பழகிய பூனை, ஐந்து வயதில் வீடு மாறினாலும் சில வாரங்களில் புதிய மடியைக் கண்டுபிடித்துவிடும்.

எப்படிப் பார்த்து எடுப்பது? அண்மையில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றுக்காகப் பூனைக் காப்பகத்துக்குப் போயிருந்தேன். அவர்களுடைய மகளின் கண் முழுதும் ஒரு வெள்ளைப் பூனைமீது. எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். நின்றுகொண்டிருக்கும் மனிதன் பூனைக்குப் பனைமரம். யாரும் எதையும் துரத்தவில்லை, கூப்பிடவில்லை. ஒரு விரலை மட்டும் பூனையின் மூக்கு உயரத்தில் நீட்டினேன். காது நுனி கிழிந்த சாம்பல் வரிக் கடுவன் ஒன்று, வாலைக் கம்பம்போலத் தூக்கிக்கொண்டு வந்து, முகர்ந்து, உதட்டோரத்தை என் விரலில் இழுத்துத் தேய்த்தது. வால் நிமிர்ந்து வருவது பூனையின் வணக்கம்.

பிறகு சாவிக்கொத்தைத் தரையில் போட்டேன். வெள்ளை, பெட்டிக்குப் பின்னால் மறைந்தது. நாங்கள் இருந்த அரை மணி நேரமும் வெளியே வரவில்லை. வரிப்பூனையும் துள்ளிப் பின்வாங்கியது, காதைச் சாய்த்தது. ஆனால் ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்து சாவியை முகர்ந்து பார்த்தது. எந்தப் பூனையும் சத்தத்துக்குப் பயப்படும். பயந்த பூனை எத்தனை நேரத்தில் மீள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் தினமும் பத்து சாவிக்கொத்தாவது விழும். கடைசியாக அந்த வரிப்பூனையின் கன்னத்தை வருடி, கையை நிறுத்தினேன். நிறுத்திய கையைத் தலையால் முட்டியது. அள்ளித் தூக்கியபோது உடம்பு விறைக்கவில்லை. அன்றே முடிவாகியிருக்கும், நான்தான் மறுநாள் குழந்தையோடு இன்னொரு முறை போகச் சொன்னேன். அன்று ஒரு நாள் பூனை சோர்வாகக்கூட இருந்திருக்கலாம் அல்லவா?

வெள்ளை உடம்பும் நீலக் கண்ணும் உள்ள பூனைகளில் பலவற்றுக்குக் காது கேட்காது. பின்னாலிருந்து குழந்தை தொட்டால் அவை திடுக்கிட்டுத் திரும்பிப் பிறாண்டும். எடுக்கக் கூடாது என்பதில்லை. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும்.

கடுவனா பெட்டையா என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கருத்தடை செய்த பிறகு இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என் அனுபவத்தில் கருத்தடை செய்த கடுவன்கள் கொஞ்சம் வெள்ளந்திகள். செய்யாவிட்டால் கடுவன் வீட்டுக்குள்ளேயே மூத்திரம் பீய்ச்சும், பெட்டை சினைக்குத் தவித்து ராத்திரி முழுக்கக் கத்தும். ஆரஞ்சு நிறப் பூனைதான் பாசக்காரன் என்று ஒரு பேச்சு உண்டு. ஆரஞ்சுப் பூனைகளில் ஐந்தில் நான்கு கடுவன் என்பது வரை நிச்சயம். நிறத்தை வைத்துக் குணத்தைக் கணிப்பது சோதிடம்.

பூனைக்குச் செலவிடும் யோசனையில் பாதியைக் குழந்தைகளின் கைக்குச் செலவிடுங்கள். கன்னம், தாடை, காதடி ஆகிய மூன்று இடங்கள் மட்டும் என்று மகனுக்குப் பொம்மையில் தொட்டுக் காட்டுங்கள். வயிற்றைக் காட்டிப் படுத்தால் தொடச் சொல்லி அழைக்கிறது என்று அர்த்தமில்லை. "உன்னை நம்புகிறேன்" என்கிறது, தொட்டால் நான்கு காலாலும் பிடிக்கும். வால் அடிப்பகுதியும் வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று வருடி, கையை எடுத்துவிட வேண்டும். பூனை மறுபடி முட்டினால் அடுத்த மூன்று. எண்ணுவது பிடித்துப்போய்ச் சில குழந்தைகள் பூனையையே மறந்துவிடுவார்கள், பரவாயில்லை. வால் நுனி தரையில் அடித்துக்கொள்வது, காது பக்கவாட்டில் திரும்புவது, முதுகுத் தோல் சிலிர்த்து ஓடுவது, இந்த மூன்றையும் ஏழு வயது மகள் ஒரே வாரத்தில் படித்துவிடுவாள். மகன் படிக்க மாட்டான். அவனையும் பூனையையும் இன்னும் இரண்டு வருடத்துக்காவது தனியாக ஓர் அறையில் விடாதீர்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. வாலை ஒருமுறை இழுத்த கையையும் அது மறப்பதில்லை.

பெரியவர்களின் தலை உயரத்தில், குழந்தைகளுக்கு எட்டாத ஒரு தட்டு அதற்கென்று இருக்கட்டும். அங்கே ஏறிவிட்டால் யாரும் கூப்பிடக் கூடாது. தப்பிக்க வழி உள்ள பூனை பிறாண்ட வேண்டிய அவசியமே இல்லை. நக நுனியை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டலாம். நகத்தையே அறுவை செய்து எடுப்பது விரல் நுனி எலும்பை வெட்டி எடுப்பதாகும். அதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ரேபிஸ் உள்ளிட்ட தடுப்பூசி, குடற்புழு மருந்து, தெள்ளுப்பூச்சி மருந்து, இவற்றில் தெள்ளுப்பூச்சியைத்தான் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். பூனைப் பிறாண்டலில் வரும் காய்ச்சலுக்குக் காரணமான பார்ட்டொனெல்லா கிருமி பூனைகளுக்கிடையே பரவுவது அதன் மூலம்தான். பிறாண்டினாலோ கடித்தாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள். பூனைப்பல் மெல்லியது, மேலே புள்ளிபோலத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக இருக்கும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், எடுப்பதற்கு முன்பே அந்தப் பூனையோடு சில மணி நேரம் இருந்து பாருங்கள். ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் முக்கியமாக எச்சிலிலும் தோலிலும் இருக்கிறது. ஒவ்வாமையே தராத பூனை இனம் என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் நான் அதிகம் பயப்படுவது ஒரு சாதாரணப் பொருளுக்கு: நூல். தலைக்குக் கட்டும் ரிப்பனையும் ரப்பர் பேண்டையும் பூனை விளையாட்டாகக் கவ்வி விழுங்கிவிடும். குடல் அதில் கோத்துச் சுருங்கும். ஒரு பூனையின் வயிற்றிலிருந்து முழம் நீள ரிப்பனை வெட்டி எடுத்திருக்கிறேன். லில்லிப் பூக்களும் பாராசிட்டமால் மாத்திரையும் பூனைக்கு உயிர்க்கொல்லிகள். இரண்டையும் அது நெருங்காதபடி வையுங்கள்.

வந்த முதல் சில நாள் வீடு முழுவதையும் காட்டாமல் ஒரே அறையில் வையுங்கள்: மணல் தட்டு ஒரு மூலை, சாப்பாடு எதிர் மூலை, ஒளிய ஓர் அட்டைப்பெட்டி. மகள் அந்த அறையில் தரையில் உட்கார்ந்து சத்தமாகக் கதை படிக்கட்டும். பூனை அவளைப் பார்த்தால் மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கட்டும். அதுவும் பதிலுக்கு மெதுவாக மூடித் திறந்தால், அறிமுகம் முடிந்தது.

இரவில் மகளோடு தூங்கலாம். தடுப்பூசியும் புழு மருந்தும் முடிந்து, இருவரும் பழகிய பிறகு. மகன் பக்கத்தில் இப்போதைக்கு வேண்டாம், தூக்கத்தில் உருளுவான். மகளின் அறைக் கதவை மட்டும் சாத்தாதீர்கள். நடு இரவில் அது எழுந்து மணல் தட்டுக்குப் போகும், வீட்டைச் சுற்றிப் பார்க்கும், பிறகு திரும்பி வரும்; சில நாள் உங்கள் கட்டிலுக்கும் வரும்.