தவணை தொடங்கும் நாளில் பாக்கி எவ்வளவு?

கேள்வி: நான்காண்டு பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் 1 லட்சம் வீதம் மொத்தம் 4 லட்சம் கல்விக்கடன்; வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துக் கட்டத் தொடங்கினால் போதுமாம். கடனை நினைத்தால், முதுகலை ஆசையை விட்டுவிட்டுக் கிடைத்த வேலையில் சேர்ந்துவிடலாமா என்று தோன்றுகிறது.
– ஒரு வாசகி

பதில்: அவசரப்பட வேண்டாம், முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். விடுப்பு தவணைக்குத்தான், வட்டி பணம் வாங்கிய நாளிலிருந்தே ஓடுகிறது. முதல் 1 லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000. அடுத்தடுத்த தொகைகளுக்கு 40,000, 30,000, 20,000. தனிவட்டியாகப் போட்டாலே 1,40,000. பெரும்பாலும் தவணை தொடங்கும்போது இதை அசலோடு சேர்த்துவிடுவார்கள். பிறகு வட்டியும் குட்டி போடும்.

ஆக, பாக்கி 5,40,000. பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 7,140. முதல் தவணையில் 4,500 வட்டிக்கே போய்விடும். ஓராண்டு முழுக்க 85,600 கட்டியும் பாக்கி 33,000 அளவுதான் குறையும். இது முன்கூட்டித் தெரியாவிட்டால் அப்போது மனமுடைந்து தவணையைத் தவறவிட நேரலாம். பெற்றோர் பிணை போட்டிருந்தால் சுமை அவர்கள் தலையிலும் விழும்.

படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டுங்கள். இப்போதைய 2 லட்சத்துக்கு மாதம் சுமார் 1,670. போன ஆண்டு வட்டி 10,000 தனி. முழுவதும் முடியாவிட்டால் பாதி. கட்டிய பணம் வட்டிக் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று ரசீதில் பாருங்கள். வட்டி நிலுவையில்லாமல் தவணை தொடங்கினால் மாதம் 5,290 போதும்.

முதுகலையை இந்தப் பயத்தில் விட வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த இரண்டாண்டுக்கும் தவணையைத் தள்ளிப்போட ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று எழுத்துமூலம் கேளுங்கள். தந்தால், வட்டியே கட்டாத நிலையிலும் கூடுதல் 80,000. தவணை 7,140-லிருந்து 8,190 ஆகும். மாதம் 1,050 வித்தியாசம். முதுகலைக் கட்டணத்தையும், இரண்டாண்டு இழக்கும் சம்பளத்தையும் இதோடு சேர்த்து, உங்கள் துறையில் முதுகலைக்குக் கிடைக்கும் கூடுதல் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். பிடித்தம் போகக் கையில் வருவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

தள்ளிப்போட இடமில்லை என்றால் முதலில் வேலை, பிறகு பகுதிநேர முதுகலை. மாறும் வட்டி என்றால் 12 சதவீதத்துக்கும் ஒருமுறை கணக்குப் போட்டு வையுங்கள்.