மொயமொயா நோயும் கர்ப்பமும்: கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு மொயமொயா இருப்பது உறுதியாகிவிட்டது. கர்ப்பம் தரிக்கலாமா? (நிலாவெளி)

பதில்: தரிக்கலாம், பலர் நலமாகப் பெற்றெடுத்திருக்கிறார்கள். ஆயினும் இது மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகள் ஒடுங்கும் நோய் என்பதால், மூளையின் இரத்தோட்டத்தைப் பரிசோதித்து, சத்திரசிகிச்சை தேவையா என்று முடிவுசெய்ய வேண்டிய காலம் கருத்தரிப்பதற்கு முந்தியது.

கேள்வி: அஸ்பிரின் குழந்தைக்கு ஆகாது என்று மாமியார் சொல்கிறார். நிறுத்தவா? (உப்புவெளி)

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்நோயில் இரத்தம் கட்டியாகாமல் தடுக்கக் கொடுக்கும் குறைந்த அளவு அஸ்பிரின் கர்ப்பத்திலும் கொடுக்கப்படுவதுதான்.

கேள்வி: மகளுக்கு இந்நோய் உண்டு, இப்போது பிரஷரும் கூடிவிட்டது. நான் போடும் லோசார்ட்டனைக் கொடுக்கலாமா? (தம்பலகாமம்)

பதில்: எத்தனையாவது மாதம், பிரஷர் எவ்வளவு என்ற இரண்டையும் எழுதாமல் மாத்திரையின் பெயரை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கொடுக்கவே கூடாது. அது சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரஷரைச் சடுதியாக இறக்கினால், ஒடுங்கிய நாடிகளுக்கு அப்பாலுள்ள மூளைப் பகுதிக்கு இரத்தம் போதாமற்போகும். 140/90ஐத் தொட்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: ஏழு மாதம். வலக்கை மரத்து, பேச்சுக் குழறி, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அடுத்த கிளினிக்கில் சொன்னால் போதுமா? (மூதூர்)

பதில்: போதாது, இதை வாசித்ததும் 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸை அழையுங்கள். ‘சரியாகிவிட்டது’ என்ற சொல்லைப்போல் என்னைச் சினமூட்டும் சொல் வேறில்லை. கச்சான் எனும் வறண்ட காற்று வீசிய ஒரு நாளில், காலையிலிருந்து தண்ணீர் குடியாமல் அடுப்படியில் நின்ற ஒரு தாயின் கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவியது; அவர் உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டுச் சமையலைத் தொடர்ந்தார். மூன்றாம் நாள் என்னிடம் வந்தபோது அந்தக் கை எழவேயில்லை. இந்நோயில் மூளையின் அடியிலுள்ள பெரிய நாடிகள் ஒடுங்க, அவற்றுக்கு ஈடாகப் புகைபோலப் படரும் நுண்குழாய்களே (1969இல் ஜப்பானியர் இட்ட பெயரின் பொருளும் அதுவே) இரத்தத்தைக் கொண்டு செல்கின்றன. வாந்தியாலோ வெயிலாலோ உடலில் நீர் வற்றினால் அந்த ஓட்டமும் தளரும். பத்து நிமிட மரப்பு பக்கவாதத்தின் முன்னறிவிப்பு. அஸ்பிரினையும் யாரோ சொன்னதற்காக நிறுத்தியிருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: சிசேரியன் கட்டாயமா? (கிண்ணியா)

பதில்: இல்லை. வலியில் வேகமாக மூச்சிரைத்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டுக் குறைந்து மூளையின் குழாய்கள் சுருங்கும் என்பதே அச்சம். முதுகில் ஏற்றும் எபிடூரல் வலியைத் தணித்து அதைத் தடுக்கும், ஆனால் அதுவும் பிரஷரை இறக்கக்கூடும். ஆகவே மயக்கமருந்து நிபுணரை எட்டாம் மாதத்திலேயே சந்தியுங்கள், பிரசவ அறையில் அல்ல.

கேள்வி: பிள்ளை பிறந்தபின் குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை எடுக்கலாமா? (சாம்பல்தீவு)

பதில்: ஈஸ்ட்ரஜன் கலந்தது வேண்டாம். கருப்பைக்குள் வைக்கும் லூப் பற்றிக் கேளுங்கள். பிரசவத்துக்காக அஸ்பிரினை வைத்தியர் நிறுத்தியிருந்தால், அதை மீண்டும் தொடங்கும் நாளையும் வீட்டுக்குப் புறப்படுமுன் எழுதி வாங்குங்கள்.