முந்திரி மெஷினுக்கும் ஐஸ் பெட்டிக்கும் ஒரே விண்ணப்பமா?

அண்ணே, கடலூர் துறைமுகத்துல படகு இன்ஜின் மெக்கானிக்கா இருந்துகிட்டு, முந்திரி உடைக்கிற மெஷினுக்குக் காப்புரிமை கேட்கலாமான்னு தயங்குறீங்க. தாராளமா கேளுங்க. உங்க படிப்பையோ தொழிலையோ சட்டம் பார்க்காது. பொருள் புதுசா, அந்தத் துறைக்காரருக்கே சட்டுன்னு தோணாததா, தொழிலுக்கு உதவுமா, இதுதான் கேள்வி.

ஆனா அதோட நீங்க கண்டுபிடிச்ச மீன் ஐஸ் பெட்டியையும் சேர்த்து ஒரே விண்ணப்பமா போடாதீங்க. 1970 காப்புரிமைச் சட்டத்தோட 10(5) பிரிவுப்படி, சம்பந்தமில்லாத ரெண்டு கண்டுபிடிப்பு ஒண்ணுல அடங்காது. தனித்தனியா போடுங்க, தனிநபருக்கு ஆன்லைனில் தலா 1,600 ரூபாய். நமக்குச் சென்னை கிண்டியில இருக்கிற காப்புரிமை அலுவலகம். வேலை பாதியில இருந்தா தற்காலிக விவரணம், அதாவது கண்டுபிடிப்பைப் பத்தின முதல்கட்ட விளக்கம் கொடுத்துட்டு, 12 மாசத்துக்குள்ள முழு விவரணத்தைக் கொடுக்கலாம்.

விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி மட்டும் பண்ருட்டிப் பக்கம் மெஷினை ஓட்டிக் காட்டிடாதீங்க. லேத்துப் பட்டறைக்காரங்க ஒரு தடவை பார்த்தா போதும்!