சிட்டு எப்போது ஓடலாம்?

வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். தாத்தா சிப்பிப்பாறை வளர்த்தார். இப்போது அமெரிக்காவில், வர்ஜீனியா ரிச்மண்டில் இருக்கிறேன். இங்கே அந்த ஜாதி நாய்க்கு வழியில்லாமல், அதைப் போலவே ஒல்லியாக, வேகமாக ஓடும் விப்பெட் என்ற ஜாதியில் ஒரு குட்டி வாங்கினோம். பெயர் சிட்டு, பெட்டை, எட்டு மாதம். அணிலைக் கண்டால் அம்பு மாதிரிப் போகிறாள். போன மாதம் ஒரு மைதானத்தில், மோட்டார் இழுக்கும் பிளாஸ்டிக் பையின் பின்னால் விப்பெட்டுகளை ஓடவிட்டதைப் பார்த்தோம். அன்றிலிருந்து கம்பு நுனியில் பிளாஸ்டிக் பையைக் கட்டித் தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் ஓடவிடுகிறேன். இவளை எப்போது போட்டிக்குக் கூட்டிப்போகலாம்? ஃபுளோரிடாவில் தடை செய்தது இதைத்தானே என்று மனைவி கேட்கிறார். இன்னொன்று, வாரை அவிழ்த்தால் சிட்டு திரும்பி வருவதில்லை. தாத்தா ஒரு சீழ்க்கை அடித்தால் அவர் நாய் காட்டைத் தாண்டி ஓடி வரும்.

க., ரிச்மண்ட்

அன்புள்ள க.,

முதல் வேலையாக அந்தக் கம்பையும் பையையும் சிட்டுவின் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள். இன்றைக்கே.

என் நாய் மின்னியை நான் இப்படித்தான் பாழாக்கினேன். அவளுக்குப் பத்து மாதம் ஆகும்வரை, கொல்லையில் நாள் தவறாமல் பையை ஆட்டி ஓடவிட்டேன். முதல் பயிற்சி நாளன்று மோட்டார் பையை இழுத்தது. மின்னி இருபது கெஜம் போனாள், நின்றாள், புல்லை மோந்து பார்க்க ஆரம்பித்தாள். அந்தப் பையை அவள் ஆயிரம் முறை பார்த்திருந்தாள். அது கையில் அகப்படாது, அகப்பட்டாலும் வெறும் பைதான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. அடுத்த வசந்தம் வரைக்கும் அவளுக்குப் பையையே காட்டவில்லை. பயிற்சி நாட்களில் வண்டிக்குள் கூண்டில் இருந்தபடி மற்ற நாய்கள் ஓடுவதை மட்டும் பார்த்தாள். ஒரு நாள் உடம்பெல்லாம் நடுங்க, குழந்தை மாதிரிக் குரல் எடுத்து அழுதாள். அன்றைக்குத்தான் அவிழ்த்துவிட்டேன். அப்புறம் அவள் நிற்கவே இல்லை.

கண்ணால் பார்த்துத் துரத்துகிற நாய்க்கு ஓடக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஆசையை வீணாகச் செலவழிக்காமல் இருந்தால் போதும். வாரம் ஒருமுறை, நேர்க்கோட்டில் இரண்டு மூன்று இழுப்பு. கடைசி இழுப்பில் பை அவள் வாயில் சிக்கட்டும், ஒரு நிமிஷம் உதறட்டும். பிறகு எடுத்து மறைத்துவிடுங்கள். மறைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு அவள் நிற்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. எட்டு மாதத்தில் எலும்பு முனைகள் முழுதாக இறுகியிருக்காது. கம்பைச் சுழற்றினால் நாய் வட்டம் போடும், சட்டென்று திரும்பும். அந்த வேகத்தில் திரும்பும்போது விழும் பாரம் வளரும் காலுக்கு ஆகாது. இப்போதைக்கு மற்ற நாட்களில் நீண்ட நடையும் வேலி போட்ட இடத்தில் அவள் விருப்பத்துக்கு ஓட்டமும் போதும்.

ஒரு வயது நிறைந்ததும் நாய் ஜாதிகளைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் நடத்தும் ஃபாஸ்ட் கேட் (Fast CAT) என்ற ஓட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். 100 கெஜம், நேர்க்கோடு, ஒரு நேரத்தில் ஒரே நாய். எந்த ஜாதி நாயும் ஓடலாம். எடுத்த நேரத்தை மணிக்கு மைல் கணக்காக மாற்றி, உயரத்துக்குத் தகுந்தபடி பெருக்கிப் புள்ளி தருவார்கள். 18 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள நாய்க்குப் பெருக்கல் 1, ஆகவே மைல்தான் புள்ளி. சிட்டு 6.8 நொடியில் ஓடினால் 30 மைல், 30 புள்ளி. 150 சேர்ந்தால் முதல் பட்டம். அந்த ஐந்து ஓட்டத்தில் அவளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது பட்டத்தைவிடப் பெரிது. கூட்டத்துக்கும் மோட்டார் சத்தத்துக்கும் மிரள்கிறாளா, கோட்டைத் தாண்டியும் பையை விடாமல் போகிறாளா என்று பாருங்கள்.

நீங்கள் பார்த்த விப்பெட் சங்க ஓட்டம் அடுத்த படி. 200 கெஜம், நான்கு நாய், கதவு திறந்ததும் எல்லாம் ஒன்றாகப் புறப்படும் தொடக்கப் பெட்டி. பரிசுப் பணமும் கிடையாது, சூதாட்டமும் கிடையாது. ரிப்பன்தான் தருவார்கள். புதுநாயை நேரே போட்டியில் விடமாட்டார்கள். மற்ற நாய்களோடு சேர்ந்து ஒழுங்காக ஓடுகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பக்கத்து நாயைப் பார்த்துத் தலையைத் திருப்பி, விளையாட்டுக்காகத் தோளில் மோதுகிற நாயை விலக்கிவிடுவார்கள். அது நியாயம்தான். அந்த வேகத்தில் ஒரு மோதல் இரண்டு நாயின் காலையும் முறித்துவிடும். அதனால் குட்டிக்கு முதல் துணையாகப் பையைத் தவிர வேறெதையும் பார்க்காத ஒரு கிழட்டு நாயைக் கேளுங்கள். சங்கத்தில் கட்டாயம் ஒன்று இருக்கும்.

பெட்டிக்கு அவசரம் வேண்டாம். இரண்டு பக்கமும் திறந்த பெட்டிக்குள் நடந்து போகட்டும். பிறகு பின்கதவு, அப்புறம்தான் முன்கதவு. கதவு திறக்கும்போது தகரம் அடிக்கிற சத்தம் முதல் தடவை நமக்கே தூக்கிவாரிப் போடும். மஸல் என்கிற வாய்க்கூட்டை வீட்டிலேயே பழக்குங்கள், உள்ளே கொஞ்சம் வெண்ணெய் தடவி. ஓடி முடித்து நான்கு நாயும் ஒரே பையின்மேல் விழும் இடத்தில் அதுதான் காப்பாற்றும்.

ஓடியதும் உடனே தண்ணீர் கொடுத்து, வயிற்றிலும் தொடையிலும் ஊற்றி, மூச்சு அடங்கும்வரை நடத்துங்கள். பிறகு உட்கார்ந்து நான்கு பாதத்தையும் பாருங்கள். விரலை விரித்து, இடையில் உள்ள சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மின்னி ஒருமுறை கொஞ்சமும் நொண்டாமல் வந்தாள். ஓட்டத்துக்கு அவளுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு ரத்தம் மட்டும் இருந்தது. விரித்துப் பார்த்தால் பின்காலில் சவ்வு நுனியிலிருந்து அரை அங்குலம் கிழிந்திருக்கிறது. அதோடு இரண்டாம் சுற்றுக்கு நிற்கத் தயாராக இருந்தாள். இந்த ஜாதி வலியைச் சொல்லாது, நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். ஓடுகிற நாள் காலையில் முழுச்சாப்பாடு கூடாது. ரிச்மண்டின் ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் ஓட்டமே கூடாது.

உங்கள் மனைவியின் கேள்வி சரியான கேள்வி. ஃபுளோரிடா மக்கள் 2018-ல் வாக்களித்து நிறுத்தியது விப்பெட்டைவிடப் பெரிய கிரேஹவுண்டு நாய்களை வைத்து நடத்திய சூதாட்டப் பந்தயத்தை. 2020 முடிவோடு அங்கே அது நின்றது. இன்று அமெரிக்காவில் உங்கள் பக்கத்து மேற்கு வர்ஜீனியாவில் மட்டும் மிச்சமிருக்கிறது. அங்கே நாய் ஒரு தொழிலின் சரக்கு. சம்பாதிக்காத நாய்க்கு அந்தக் கணக்கில் இடமில்லை. நான் அதை ஆதரிக்கவில்லை. சிட்டு கடைசியாக வந்தாலும் உங்கள் சோபாவில்தான் தூங்கப்போகிறாள், இரண்டும் வேறு என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக வலியோடு ஒருநாள் அவளை இறக்கினால் அந்த வித்தியாசம் அழிந்துவிடும். மனைவியை மைதானத்துக்கு அழைத்து வாருங்கள், பார்த்தபின் அவரே சொல்லட்டும்.

தாத்தா காலத்தில் கரிசல் காட்டில் ஓடியது உயிருள்ள முயல். இன்று அது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கிலாந்திலும் உயிருள்ள முயலின் பின்னால் இரண்டு நாயை அவிழ்க்கும் வாட்டர்லூ கோப்பைப் போட்டி 1836-ல் தொடங்கி 2005-ல் சட்டத்தால் முடிந்தது. சாகிற முயல் இல்லாமலே நாயின் ஓட்டம் முழுசாக இருக்கிறது. ஒரு பாய்ச்சலில் இரண்டு முறை நான்கு காலும் தரையைவிட்டு எழும், ஒருமுறை உடம்பு வில்லாய் வளைந்து, ஒருமுறை நீண்டு. சிப்பிப்பாறைக்கும் விப்பெட்டுக்கும் அது ஒன்றுதான்.

அந்தச் சீழ்க்கைக்கு வருகிறேன். ஓட்டம் முடிந்ததும் வேலியில்லாத மைதானத்தில் நாயைப் பிடித்தாக வேண்டும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் சிட்டு கற்க வேண்டியது இதுதான். தாத்தா அடித்த சீழ்க்கை உங்களுக்கு நினைவிருக்குமே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டைக் கீழே வைக்கும் முன் ஒருமுறை அடியுங்கள், இரண்டு வேளையும், ஒரு மாதம். பிறகு பக்கத்து அறையிலிருந்து. பிறகு கொல்லையில், பாக்கெட்டில் ஒரு துண்டு வேகவைத்த ஈரலோடு. குளிப்பாட்டவும் நகம் வெட்டவும் மட்டும் அந்தச் சீழ்க்கையை அடிக்காதீர்கள்.