உங்கள் மகன் சும்மா வேலை செய்கிறானா?

அன்புள்ள ஐயா,

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் இரவு ஒரு மணி வரை விழித்திருந்து, ஊர் பேர் தெரியாதவர்களின் மென்பொருளுக்குக் காசில்லாமல் வேலை பார்க்கிறான் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதிலாக ஒரு சான்றிதழ் வகுப்பில் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தப் பணம் இப்போதைக்கு உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஆனால் மகனிடம் நீங்கள் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்லாமல் இப்போதே சொல்லிவிடுகிறேன்: "நீ வேலை பார்க்கும் மென்பொருளை நீ பயன்படுத்துகிறாயா?"

அவன் செய்வதைத் திறமூலப் பங்களிப்பு என்பார்கள். உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு கைபேசி என்றால் அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதள மென்பொருள். 1991 இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். இன்று லினக்ஸுக்குத் திருத்தம் அனுப்புபவர்களில் பெரும்பாலோர் அதற்காகவே நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள். புதிதாக வருபவனுக்குக் காசு கிடைக்காது என்பது மட்டும் உண்மை.

என்னிடம் வந்த ஒரு மாணவியின் கதையைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். கல்லூரிப் பணிக்காக பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு சிறிய நிரல் தொகுப்பை நிறுவப் பார்த்தாள். வழிகாட்டியில் இருந்த மூன்றாவது கட்டளையே ஓடவில்லை. அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் காரணம் தெரிந்தது. வழிகாட்டியை எழுதியவர் லினக்ஸ்காரர். அங்கே 'பின்' என்ற ஃபோல்டரில் இருக்கும் கோப்பு, விண்டோஸில் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கிறது. விண்டோஸ்காரர்களுக்கென்று இரண்டு வரி சேர்த்து, கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளம் வழியாகப் புல் ரிக்வெஸ்ட், அதாவது 'என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கை, அனுப்பினாள். ஒன்பது நாள் பதில் இல்லை. பிறகு அந்தத் திட்டத்தைப் பராமரிப்பவர், "நல்லது, ஆனால் இதோடு வேறு கோப்பில் இடைவெளிகளையும் மாற்றியிருக்கிறீர்கள், அதை எடுத்துவிடுங்கள்" என்று எழுதினார். அவள் நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருள் தானாகச் செய்த மாற்றம் அது. அவள் கவனிக்கவே இல்லை. திருத்தி மறுபடி அனுப்பினாள், ஏற்றுக்கொண்டார்கள்.

மொத்தம் இரண்டு வரிதான். ஆனால் வேலைக்கான நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்டவர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த உரையாடலைப் பற்றித்தான் கால் மணி நேரம் கேட்டார். முன்பின் தெரியாத ஒருவர் குறை சொன்னபோது இந்தப் பெண் எப்படி நடந்துகொண்டாள் என்பது அதில் எழுத்து எழுத்தாக இருந்தது. எந்தச் சான்றிதழில் அது இருக்கிறது?

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. அக்டோபர் மாதத்தில் நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூல விழாவில் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்று ஒரு காலத்தில் இருந்தது. 2020 இல் அந்தச் சட்டைக்காக ஆயிரக்கணக்கானோர் ரீட்மி என்ற அறிமுகக் கோப்புகளில் ஒப்புக்கு ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பினார்கள். பராமரிப்பாளர்கள் வெறுத்துப்போய், விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. 2024 இல் இணையச் செயலிகள் கட்ட உதவும் எக்ஸ்பிரஸ் என்ற பிரபல திட்டத்துக்கு இதே கதி. காணொளிப் பாடத்தில் காட்டியபடியே தங்கள் பெயரை ரீட்மியில் எழுதி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டு மாணவர்கள். எனக்கு இதில் வெட்கம்தான். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததைப் படித்துப் பார்க்காமல் அனுப்புவதும் இதே ரகம். அதனால்தான் எண்ணிக்கையைக் கேட்காமல் அந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொன்னேன்.

பயன்படுத்தவில்லை என்று அவன் சொன்னால், தான் தினமும் திறக்கும் மென்பொருளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டுக்கும் தமிழ் இடைமுகம் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் கை வைக்க நிரல் தெரிய வேண்டியதே இல்லை. நிரலில்தான் ஆசை என்றால், 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று குறியிட்ட சிக்கல்கள் புதியவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. எடுப்பதற்கு முன் அந்த உரையாடல் முழுவதையும் படிக்க வேண்டும். முந்தைய வாரமே வேறொருவர் எடுத்திருக்கலாம்.

காசு வரும் வழியும் உண்டு. திறமூலத் திட்டங்களில் புதியவர்களைச் சேர்த்துவிடும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது. 18 வயது நிறைந்த புதியவர்கள் விண்ணப்பிக்கலாம், தேர்வானால் உதவித்தொகை உண்டு. விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் மார்ச், ஏப்ரலில் நடந்திருக்கிறது. அந்த வாரத்தில் முதன்முறையாகப் போய்க் கதவைத் தட்டுபவனைவிட, சில மாதங்களாகச் சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பியவனைத்தான் அந்தத் திட்டக்காரர்களுக்குத் தெரியும். இதற்குக் கட்டணம் கிடையாது. இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இரவு ஒரு மணி விஷயத்தில் நான் உங்கள் கட்சி. பதில் வர ஒன்பது நாள் ஆகிற வேலைக்கு யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

புதிய லேப்டாப் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், இருப்பதே போதும். அவன் அதில் லினக்ஸ் நிறுவப்போகிறேன் என்று சொன்னால் தடுக்காதீர்கள். ஆனால் நிறுவும்போது உள்ளே இருப்பது அழிந்துபோகலாம், அதனால் வீட்டுப் புகைப்படங்களை முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்து உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.